மதகு எங்கே இருக்கிறது?

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை. மதுராந்தகத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடித்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில்தானே வேடந்தாங்கல் என்று கிளம்பிவிட்டேன். ஏரிக்கரையில் போய் நின்றபோது மணி பதினொன்றரை. பறவை பார்க்கிற ஆசாமிகள் கேட்டால் சிரிப்பார்கள். காலை ஆறரைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு வர வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். இருந்தாலும் ஏரி ஏமாற்றவில்லை. தண்ணீருக்குள் நின்ற நீர்க்கடம்பு மரங்களில் இலை தெரியவில்லை. அவ்வளவு நாரை, அவ்வளவு கூடு, அவ்வளவு சத்தம்.

அப்போது ஒரு பஸ் வந்தது. பி.எட். கல்லூரி பஸ். ஒரே கலரில் புடவை கட்டிய பெண்களும், ஒரே கலரில் சட்டை போட்ட சில பையன்களுமாக 50 பேர் இறங்கினார்கள். நாளைய வாத்தியார்கள், டீச்சர்கள். கூடவே ஒரு லெக்சரர். கையில் அட்டெண்டன்ஸ்.

"வரிசையா வாங்க. நாப்பத்தஞ்சு நிமிஷம்தான். அடுத்து மகாபலிபுரம் போகணும்."

வரிசையாக வந்தார்கள். காவல் கோபுரத்தில் ஏறினார்கள், இறங்கினார்கள். செல்ஃபி எடுத்தார்கள். யாரோ ஒரு பையன் கை தட்டி, பறவைகள் பறக்கிறதா என்று பரிசோதித்தான். லெக்சரர் அதட்டினார். பிறகு கரையில் நிற்க வைத்து விளக்கம் சொன்னார். "இதெல்லாம் சைபீரியாலேர்ந்தும் ஆஸ்திரேலியாலேர்ந்தும் வருது. இங்க கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, திரும்பிப் போயிடும். எழுதிக்கங்க."

50 பேரும் எழுதிக்கொண்டார்கள். தப்பு. எழுதிக்கொண்டது அப்படியே ஐம்பது பள்ளிக்கூடங்களுக்குப் போகும். வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற பெரிய பறவைகள், அதாவது நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, கரண்டிவாயன், வக்கா எல்லாம் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழை பெய்து ஏரி நிரம்பினால் இங்கே கூடிக் குடும்பம் நடத்தும். வடக்கே குளிர்தேசங்களிலிருந்து வருகிற ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை குளிருக்குப் பயந்து வந்த விருந்தாளிகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. ஊருக்குத் திரும்பித்தான் முட்டையிடும். நம் வீட்டு மாப்பிள்ளையை யாரோ அமெரிக்கா மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிவது மாதிரி, நத்தைகுத்தியைச் சைபீரியாக்காரர் ஆக்கிவிட்டோம். வெளிநாடு என்றால்தான் நமக்கு மரியாதை வருகிறது.

அந்த லெக்சரரை நான் குறைசொல்லவில்லை. பார்த்தாலே களைத்துப்போன மனிதர். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்கடுத்து நடந்தது.

பஸ் ஹாரன் அடித்துவிட்டது. எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நின்ற ஒரு பெண், ஒல்லியாக, செருப்பைக் கையில் பிடித்தபடி, கேட்டாள்.

"சார், இந்தத் தண்ணி எங்க சார் போகுது?"

"என்னம்மா?"

"இல்ல சார், ஏரின்னா பாசனத்துக்குத்தானே? எங்க ஊர்லயும் ஏரி இருக்கு. இவ்ளோ எச்சம் விழுதே. இந்தத் தண்ணிய வயலுக்கு விடுவாங்களா?"

"எல்லாம் நோட்ஸ்ல குடுத்திருக்கேன். ஏறும்மா, நேரமாச்சு."

ஏறினாள். பஸ் போய்விட்டது.

அன்றைக்கு அந்தக் கரையில் நடந்த ஒரே பாடம் அந்தக் கேள்விதான். அதையும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம்மா, வயலுக்குத்தான் போகிறது. பறவைகளின் எச்சம் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாகக் கீழே ஆயக்கட்டு நிலத்துக்குப் பாய்கிறது. ஏரியே உரக்குண்டா இருந்தால் விவசாயிக்கு என்ன கசக்கவா செய்யும்? பறவை இருந்தால் நெல் நன்றாக விளைகிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் எந்தப் பாடப்புத்தகமும் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் ப்ளேஸ், 1798-ல் பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார்.

1798! கட்டபொம்மன் உயிரோடு இருந்த காலம். வனத்துறை கிடையாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இன்னும் 174 வருஷம் இருக்கிறது. 'நீடித்த வளர்ச்சி' என்ற வார்த்தையை உலகத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. கோவணம் கட்டிய ஒரு கிராமம், கம்பெனிக்காரனின் கச்சேரிக்குப் போய், "துரை, அந்தப் பறவையைச் சுடாதீங்க, எங்க வயல் அதை நம்பி இருக்கு" என்ற பொருள்பட வாதாடி ஜெயித்திருக்கிறது.

இப்போது பி.எட். தேர்வில் வருகிற கேள்வியைப் பாருங்கள். 'நீடித்த வளர்ச்சி என்றால் என்ன? விளக்குக.' நார்வேயின் பிரதமராக இருந்த க்ரோ ஹார்லம் ப்ரண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐ.நா. சபை அமைத்த குழு 1987-ல் கொடுத்த விளக்கத்தை எழுத வேண்டும். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு வராமல் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்வது. நல்ல விளக்கம்தான். எல்லோரும் மனப்பாடம் செய்து, மார்க்கும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்த விளக்கம் 200 வருஷத்துக்கு மேலாக மண்ணிலும் சேற்றிலும் நடந்துகொண்டிருக்கிற ஒரு இடத்துக்கு 50 பேரைக் கூட்டிவந்து, அதன் மேல் நிற்க வைத்து, "சைபீரியா" என்று எழுதிக்கொள்ளச் சொல்லி, திருப்பி அழைத்துப் போகிறோமே, இதை எங்கே போய்ச் சொல்ல?

சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று நம் நாட்டில் யாரும் சொல்லாமல் இல்லை. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பிக்க வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. சினிமா தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றி இலவசமாக ஸ்லைடு காட்ட வேண்டும் என்றும் சொன்னது. (அந்த ஸ்லைடு ஓடும்போதுதான் நாமெல்லாம் முறுக்கு வாங்க வெளியே போயிருப்போம்.) 2001-ல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை வந்தது. ஸ்கூலில் அதற்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டுமே? பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த டீச்சர் தலையில் கட்டிவிடுவார்கள். அவரும் ஜூன் 5-ம் தேதி ஒரு மரக்கன்று, ஒரு ஓவியப் போட்டி, ஒரு கோஷம் என்று நடத்திவிட்டு ரிப்போர்ட் அனுப்புவார். அவரைக் கேட்டால் சொல்வார், "எனக்கு யாரும் வேற எதுவும் சொல்லித் தரலையே." நியாயம்தானே? உத்தரவு இருக்கிறது, பாடம் இருக்கிறது, படை இருக்கிறது. சொல்லித்தர வேண்டியவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு ஆசிரியர் வருஷத்துக்கு 40 பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். 30 வருஷ சர்வீஸ். ஆக 1,200 பிள்ளைகள். அந்த பஸ்ஸில் வந்தது 50 பேர். அதாவது 60,000 பிள்ளைகள். நாப்பத்தஞ்சு நிமிஷத்தில் அனுப்பிவிட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். அந்த 60,000 பிள்ளைகளையும் நேரில் கூட்டிவந்தால் ஏரி தாங்காது. கூட்டில் குஞ்சு இருக்கிற சமயத்தில் சத்தமும் நடமாட்டமும் அதிகமானால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். வெயிலில் குஞ்சு செத்துப்போகும், காக்கை கொத்திக்கொண்டு போகும். சரணாலயம் என்று பெயர் வைத்துவிட்டு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பஸ் பஸ்ஸாக இறக்குவது பறவைக்குச் செய்கிற துரோகம். அதனால்தான் சொல்கிறேன், பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு முதலில் அழைத்துப்போக வேண்டியது வாத்தியார்களை. கொஞ்சம் பேர், மெதுவாக, வாயை மூடிக்கொண்டு. அவர்கள் பார்த்ததை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊர் ஏரியில் பிள்ளைகளுக்குக் காட்டட்டும்.

எப்படிக் காட்டுவது? நான் கல்வியாளன் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தானாகத் தெரிகிறது.

முதலில் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். மகாபலிபுரம் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. காலையில் கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு மரத்தை இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். எந்தப் பறவை மேல் கிளையில், எது கீழ்க் கிளையில்? எது என்ன கொண்டுவந்து ஊட்டுகிறது? மரம் ஏன் தண்ணீருக்குள் நிற்கிற வரைக்கும்தான் கூடு இருக்கிறது? (மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, நரி ஏறாது. அகழி வெட்டிய கோட்டை மாதிரி.)

மத்தியானம் கரையிலிருந்து இறங்கி மதகுக்குப் போக வேண்டும். கலங்கல் எங்கே, வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, ஆயக்கட்டு எவ்வளவு என்று ஊர்ப் பெரியவர் யாரையாவது கேட்க வேண்டும். அப்போதுதான் நிஜமான சிக்கல் வெளியே வரும். வயலுக்குத் தண்ணீர் திறந்தால் ஏரி இறங்கும். ஏரி இறங்கினால் மரத்தடி வற்றும். மரத்தடி வற்றினால் கூட்டுக்கு ஆபத்து. திறக்காவிட்டால் நெல் காயும். பறவைக்கு உரிமையா, பயிருக்கு உரிமையா? எப்போது, எவ்வளவு திறப்பது? ப்ரண்ட்லாண்ட் அம்மையாரின் விளக்கத்தில் 'தேவை' என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது இங்கே மதகின் பலகையில் வந்து நிற்கிறது. இதை வகுப்பில் போர்டில் எழுதிப் புரியவைக்க முடியாது.

பிறகு அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கரிக்கிலி. அதுவும் பறவைகள் சரணாலயம். 2022-ல் இரண்டு ஏரிகளுக்குமே ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம். ஆனால் வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற நாரைகளின் ராஜ்யம். கரிக்கிலியில் வாத்துகளும் கரையோரத்தில் சேற்றைக் கிளறுகிற சின்னப் பறவைகளும் அதிகம். பக்கத்துப் பக்கத்து ஏரி, ஒரே மழை, ஒரே மண். ஏன் இந்த வித்தியாசம்? ஆழமா, மரமா, கரையா? பதிலைச் சொல்லிவிடாமல் 50 பேரையும் ஒருநாள் மண்டையை உடைத்துக்கொள்ள விடுங்கள். பி.எட். படிப்பின் பெயர் கல்வியியல். மண்டையை உடைத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது அனுபவித்தவர்தான் பிள்ளையை அப்படிச் செய்யவிடுவார்.

முடிந்தால் ஜூன் மாதம் இன்னொரு முறை வர வேண்டும். பறவை இருக்காது, தண்ணீரும் இருக்காது. வறண்ட ஏரி, எச்சம் வெளுத்த மரங்கள், மாடு மேய்க்கிற பையன். டூர் போகிறவன் ஜூனில் வரமாட்டான். வாத்தியாராகப் போகிறவர் வர வேண்டும். இந்த வெற்று ஏரியைக் காப்பாற்றி வைத்தால்தான் ஜனவரியில் நாரை வரும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கசப்பான பாடங்களையும் விட்டுவிடக் கூடாது. வேடந்தாங்கல் சரணாலயம் என்பது ஏரி மட்டும் இல்லை. அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்தான். வயல், குட்டை, ஊர் எல்லாம் அதற்குள் வரும். நாரை ஏரியில் கூடு கட்டினாலும் இரை தேடுவது இந்த வயல்களிலும் சின்ன ஏரிகளிலும்தானே? 2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்க ஒரு யோசனை வந்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பயிற்சி ஆசிரியர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து ஏன் அதை விவாதிக்கச் சொல்லக் கூடாது? சுருக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். அந்த எல்லைக்குள் ஒரு ஏக்கர் நிலம் வைத்திருக்கிற விவசாயியாகப் பேசச் சொல்லுங்கள், பார்க்கலாம். நாரையாகவும் ஒருவர் பேசட்டும்.

காட்டுக்குப் போனால் பாடம் இன்னும் கடினம். முதுமலை 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. அதன் உள்ளே இருந்த சில குடியிருப்புகள் வெளியே இடம் மாற்றப்பட்டன. புலி வாழ்கிறது, சந்தோஷம். யார் எதைக் கொடுத்ததால் வாழ்கிறது என்பதையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வகுப்பில் இடம் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளை முன்னால் 'காட்டைக் காப்போம்' என்று கோஷம் போடச் சொல்வதற்கு முன்னால் டீச்சர் ஒரு நிமிஷம் யோசிப்பார் இல்லையா? சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி பக்கம் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை ஸ்வீட் கொண்டுவந்து கொடுக்கிறது. வெடி இல்லாத தீபாவளியை ஒரு எட்டு வயசுப் பையன் எப்படி எடுத்துக்கொள்கிறான்? அந்த ஊர்ப் பையனிடமே கேட்டு வரச் சொன்னால், அது நூறு ஸ்லைடுக்குச் சமம்.

"சார், நீங்க ஈஸியா எழுதிடறீங்க. சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை" என்று யாராவது பேராசிரியர் எனக்குக் கடிதம் போடுவார், தெரியும். 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வருஷத்தில் மூன்று நாள் கிடைக்காதா? பணம்? மகாபலிபுரத்துக்கும் அதன் பிறகு ஷாப்பிங்குக்கும் போகிற டீசலில் வேடந்தாங்கலுக்கு இரண்டு முறை வரலாம். தூரம் என்பவர்களுக்குச் சென்னையிலேயே உதாரணம் சொல்கிறேன். ஆசிரியர்களைத் தயார் செய்ய 1856-ல் ஆரம்பித்த பழம்பெரும் கல்லூரி சைதாப்பேட்டையில் இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா. வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். நாலு பக்கமும் நகரம். நடுவில் புள்ளிமானும் வெளிமானும். நாட்டிலேயே மிகச் சின்ன தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு காடு எவ்வளவு சுருங்கினால் காடாக இல்லாமல் போகும் என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சிட்டி பஸ் டிக்கெட் போதும்.

பஸ் போன பிறகு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அந்தப் பெண் விட்டுப்போன கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"ஐயா, இந்தத் தண்ணி எங்க போகுது?"

நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாண வேட்டி, சந்தனம்.

"நெலம் வாங்க வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, "வாங்க, காட்டறேன்" என்று முன்னால் நடந்தார். மதகு, வாய்க்கால், அவருடைய முக்கால் ஏக்கர் எல்லாம் காட்டினார். பறவை வராத வருஷம் எப்படி இருக்கும் என்று சொன்னார். "ஊரே எழவு விழுந்தாப்ல இருக்கும் சார். சத்தமே இருக்காது." அரை மணி நேரம் பேசினார். அந்த பஸ்ஸுக்கு இருந்த நாப்பத்தஞ்சு நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் மிச்சம்.

"இத்தனை பஸ்ஸு வருதே, பசங்க யாராவது உங்ககிட்ட வந்து கேப்பாங்களா?"

"பாத்ரூம் எங்கன்னு கேப்பாங்க."

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாராவது பி.எட். படித்துக்கொண்டிருந்தால் அவர்களுடைய சுற்றுலா ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். பறவைப் படங்கள் அழகாக ஒட்டியிருக்கும். தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் போட்டிருப்பார்கள். அதில் மதகு என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.